தோழியாக வந்த அக்கா

தாலி ஏறும் நேரத்தில் என் தோழி தூங்கிப்போனாள். மேளம் காதைப் பிளக்கிறது, எல்லோரும் எழுந்து நின்று அரிசி தூவுகிறார்கள். அவள் மட்டும் என் தோளில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, நிம்மதியாகத் தூங்குகிறாள். என் வீட்டுக்காரர் அவள் தலையைச் சுற்றிக் கையைக் கொண்டுவந்துதான் முடிச்சுப் போட வேண்டியிருந்தது. அவர் என் காதோரம் சிரித்தது எனக்குக் கேட்டது. மாமியாரோ சிரிக்கவில்லை.

அந்தத் தோழி என் அக்கா. என்னைவிட நான்கு வயது மூத்தவள். திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் காட்டியபோது அவளுக்கு மூளை வளர்ச்சி போதாது என்று சொன்னார்களாம். புதூர்நாட்டுப் பக்கம் எங்கள் மலையூரில் அந்தச் சொல் புழங்கவில்லை. 'அது கொழந்தம்மா' என்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். அவள் புளியை உடைத்துக் கொட்டை எடுப்பாள், தண்ணீர் சுமப்பாள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்தால் இறக்கவே மாட்டாள். ஆனால் பக்கத்தில் ஆள் இல்லையென்றால் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவாள். எங்கே என்று அவளுக்கே தெரியாது, கால் போன பக்கம்தான். ஒரு முறை ஊரே தேடி, கரடி வந்துபோகும் பலா மரத்தடியில் அவளைக் கண்டுபிடித்தோம். கை, வாயெல்லாம் பிசுக்கோடு உட்கார்ந்திருந்தவள், எங்களைப் பார்த்ததும் ஒரு சுளையை எடுத்து நீட்டினாள். திட்ட வந்த அண்ணன் அதை வாங்கித் தின்றான்.

அம்மா போன பிறகு அவளுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆள் நான்தான். அவளைப் பார்த்துக்கொண்டேன் என்று ஊரில் என்னைப் பெருமையாகச் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால், ஒரே கம்பளிக்குள் அவள் கால் என் மேல் விழாவிட்டால் எனக்குத்தான் தூக்கம் வராது. எனக்குக் காவலூர்ப் பக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தபோது வீட்டில் எல்லோருக்கும் ஒரே யோசனை. அண்ணனும் அண்ணியும் விடிந்தால் காட்டு வேலைக்குப் போகிறவர்கள். "இன்னா பண்றது, வெளிய கொண்டி போட்டுட்டுத்தான் போவணும்" என்று அண்ணி சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் கெட்டவள் இல்லை. ஆனால் பூட்டிய கதவுக்குப் பின்னால் அக்கா பகல் முழுதும் உட்கார்ந்திருப்பதை நினைத்தபோது எனக்குக் கல்யாணமே வேண்டாம் போலிருந்தது.

அப்போதெல்லாம் எங்கள் குடும்பத்தில் மணப்பெண்ணைத் தனியாக அனுப்பமாட்டார்கள். கல்யாணமாகாத ஒரு பெண் தோழியாகக் கூடப் போவாள். புது வீட்டில் கூச்சம் தெளியும் வரை மணப்பெண்ணோடு தங்குவாள். எட்டு நாள் கழித்துப் பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்து அவளை அழைத்துப்போகும். சித்தப்பா மகள் எனக்குத் தோழியாக வர வளையல் எல்லாம் வாங்கி வைத்திருந்தாள். நான் ஒரே பிடியாக, அக்காதான் வரவேண்டும் என்று நின்றேன். மூத்தவளை வைத்துக்கொண்டு இளையவளுக்குச் செய்வதே பேச்சுக்கு இடம். அவளைப் பந்தலிலும் உட்கார வைப்பதா என்றார்கள். இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து காரியத்தைச் சாதித்தேன். எட்டு நாளுக்கு அப்புறம் என்ன செய்வது என்று நான் யோசிக்கவேயில்லை. எப்படியாவது அவளை அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஐப்பசிக் கல்யாணம். நாங்கள் காடு தாண்டிப் போய்ச் சேர்ந்த மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. ஓடைகளில் தண்ணீர் ஏறியதால் அண்ணன் எட்டாம் நாள் வரவில்லை. நான் மழையைக் கும்பிட்டேன். காவலூரில் நட்சத்திரம் பார்க்கும் கட்டடத்தில் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. என் வீட்டுக்காரர் தூக்குவாளியோடு அங்கே கூலி வேலைக்குப் போய்விடுவார். வீட்டில் மாமியார், நான், அக்கா. மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை சின்ன வயதிலேயே தாலியறுத்து, ஒற்றை மகனை ஆளாக்கியவர். வாய் கொஞ்சம் நீளம். நான் களி கிண்டுவதைப் பார்த்து, "இன்னாடி இது, செவுத்துக்குப் பூசவா?" என்று கேட்டவர். அக்காவிடம் அவர் பேசவேயில்லை. அவளை விட்டு ஒதுங்கிச் சுற்றி நடப்பார்.

அத்தை எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவார். அதுவும் உட்காரமாட்டார். அடுப்போரம் சுவரைப் பார்த்து நின்றபடி, சட்டியில் ஒட்டியதைச் சுரண்டி நாலு வாயில் முடித்துவிடுவார். அத்தனை வருஷமாக அப்படித்தான். யாரும் அதைக் கேட்டதில்லை; நானும் கேட்டிருக்கமாட்டேன். அக்காவுக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. ஒருவர் தனியாகச் சாப்பிடுவதை அவளால் பார்க்க முடியாது. தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அத்தையின் காலடியில் உட்கார்ந்து, நிமிர்ந்து பார்த்தாள். "தூரப் போ" என்றார் அத்தை. ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள். அத்தை வாயில் வைக்கும் வரை அவள் சோற்றைத் தொடவில்லை. அத்தை நகர்ந்து நின்றால் தட்டும் நகர்ந்தது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, "இன்னாடி எழவாப் போச்சு இதோட" என்று முனகிக்கொண்டே அத்தை தரையில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த பிறகு தட்டு தேவைப்பட்டது. தட்டு வந்த பிறகு குழம்பு தேவைப்பட்டது. அவருக்கும் சேர்த்து நான் உலையில் சாமை போட வேண்டியிருந்தது. பிறகு பேச்சும் வந்தது. வெளியே மழை கொட்டும், உள்ளே அத்தை புருஷன் செத்த கதையிலிருந்து என் களி வரை எல்லாவற்றையும் அக்காவிடம் கொட்டுவார். அக்கா வாய்க்கு வந்தபடி 'ஆமா' என்றோ 'இல்ல' என்றோ பதில் சொல்வாள்.

"ஒன் தங்கச்சிக்கு ஒரு வேலை ஒழுங்கா வர்தா?"

"இல்ல."

இதில் மட்டும் அவள் தப்பாமல் 'இல்ல' என்றாள். கூடப் பிறந்தவள்!

கார்த்திகையில் வானம் வெளுத்ததும் அண்ணன் வந்துவிட்டான். அக்காவுக்கு ஒரு புதுச் சீலையும் கொண்டுவந்திருந்தான். அவளை அனுப்ப வேண்டாம் என்று அத்தையிடம் கேட்க நான் எத்தனையோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். கேட்காமலே அக்காவின் துணியை மடித்துக் கட்டினேன். அத்தை பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டு திரும்பியே பார்க்கவில்லை. அக்காவுக்கோ கொண்டாட்டம். எங்கே கூப்பிட்டாலும் கிளம்புகிறவள் அவள். சீலையைச் சுற்றிக்கொண்டு அண்ணனுக்கு முன்னால் வாசலில் இறங்கி நடந்தாள்.

வேலி வரை போனவள் நின்றாள். திரும்பி வந்து, என்னைத் தாண்டி, நேராக உள்ளே போய் அத்தையின் ஈரக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா."

"எங்கடி?"

"வூட்டுக்கு."

"அவங்க வரமாட்டாங்க. நீ வா, போவலாம்" என்று அண்ணன் சிரித்தான். அக்கா அத்தையின் கையை விடாமல் அங்கேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். என்னை அவள் கூப்பிடவில்லை. ஒரு பேச்சுக்குக்கூடக் கூப்பிடவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அத்தை கையை உருவிக்கொள்ளவில்லை. "தம்பி, நீ போய்ட்டு வா. இவ இருக்கட்டும்" என்றார்.

"எத்தினி நாளைக்குங்க?"

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "நாளு இன்னா நாளு? யார் சோத்தத் துன்றா இவ? என்னோட துன்றா."

அண்ணன் தனியாகவே திரும்பினான். அக்கா அதன் பிறகு இருந்ததெல்லாம் எங்கள் வீட்டில்தான். என் பிள்ளைகளை இடுப்பைவிட்டு இறக்காமல் வளர்த்தாள், அத்தை போன பின்னும் நெடுநாள் இருந்து எங்கள் கையில்தான் கண் மூடினாள். இப்போது கல்யாணமெல்லாம் மலைக்குக் கீழே மண்டபத்தில். தோழிப் பெண்கள் போட்டோ பிடித்து முடிந்ததும் வேனில் ஏறிவிடுகிறார்கள். அவர்களுக்குக் கையசைக்கும்போதெல்லாம் எனக்கு அண்ணன் வந்துபோன அந்தச் சாயங்காலம்தான் நினைவுக்கு வரும். வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் காலைக் கழுவிக்கொண்டே, "இன்னாம்மா, மச்சான் வந்தாராமே, தோழிய இட்டுக்கினு போய்ட்டாரா?" என்று கேட்டார். அத்தை அக்காவின் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "அவ எங்கிட்ட வந்தவடா. அவளுக்குத் தொணையா வந்தவதான் தோ நிக்கிறாளே, இவ" என்று என்னைக் காட்டினார்.