ரப்பரைக் கத்திக்குக் கொடுத்தேன்

பச்சை மிளகாய் நறுக்கினால் எனக்குக் கை எரியாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். "கொழுந்து பறிச்சுக் காய்ச்சுப்போன கைங்க, சும்மாவா?" என்பேன். இலங்கை மலையகத்துப் பூண்டுலோயாவில் நானும் என் கணவர் செல்வராஜும் நடத்தும் சின்ன ரொட்டிக் கடையில் நறுக்குகிற வேலை முழுக்க என்னுடையது. அந்த எரியாத கைதான் நோயின் முதல் அறிகுறி என்று யார் கண்டது?

நாங்கள் பலகை வைத்து நறுக்குவதில்லை. காயை இடது கையில் பிடித்து, வலது கட்டைவிரலை நோக்கிக் கத்தியை இழுப்போம். ஒரு காலை, நறுக்கிய லீக்ஸ் தாள் எல்லாம் சிவந்திருந்தது. கட்டைவிரலில் வெட்டு. வலிக்கவே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போனேனா? இல்லை. மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது விரல் கிழியாமலிருக்க, சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டிச் சுற்றிக்கொள்வோம். அதே புத்தி. கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு வரை இறுக்கிச் சுற்றினேன். கை இன்னும் மரத்தது. நான் இன்னும் இறுக்கினேன். கடைசியில் கத்தி நழுவி, என் பாதத்தை ஒட்டி விழுந்தது.

செல்வராஜ் அதை எடுத்து ஒளித்துவைத்துவிட்டார். "இனிமே கத்தியத் தொடாத புள்ள. கல்லாவுல ஒக்காந்துக்க."

எனக்கு வந்த கோபம்! பொம்மை மாதிரி உட்காரவா இந்தக் கடையைப் போட்டேன்?

அந்தக் கோபத்தோடுதான் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் அம்மா என் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார். கார்ப்பல் டனல் (மணிக்கட்டுக்குள் ஓடும் நரம்பு நெருக்குண்டு விரல்கள் மரத்துப்போவது) என்றார். பிறகு ரப்பர் தடத்தைப் பார்த்தார்.

"யாரும்மா இப்படிக் கட்டினது?"

"நான்தாங்க."

"நரம்பு ஏற்கெனவே நசுங்கிக் கிடக்கு. நீங்களும் சேர்ந்து நெரிச்சிருக்கீங்க."

சின்ன அறுவை சிகிச்சைதான். உணர்ச்சி முழுசாகத் திரும்புமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார். நான் கேட்டது ஒன்றுதான்: "மறுபடி கத்தி பிடிப்பேனா?"

அறுவை முடிந்து, தையல் பிரித்து, காயம் ஆறியதும், செல்வராஜ் ஒளித்துவைத்த கத்தியைத் தேடி எடுத்து, பேப்பரில் சுற்றிக் கைப்பயிற்சி தரும் மிஸ்ஸிடம் கொண்டுபோனேன். வாசலில் பையைச் சோதித்திருந்தால் என் கதையே வேறு. அவர் பிடியைத் தொட்டுப் பார்த்தார். "மெல்லிசா இருக்கே, அதான் இறுக்கிப் பிடிக்கிறீங்க. மொத்தமான பிடின்னா லேசாப் பிடிச்சாலே போதும்."

மிஸ் சொன்னதைக் கேட்டதும் செல்வராஜ் தேயிலை மரக்கட்டையில் மொத்தமாக ஒரு பிடி செதுக்கினார். தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தார். ஈரக் கையில் அது மீன் மாதிரி வழுக்கியது.

"அலமாரியில வச்சு அழகு பாக்கவா செஞ்சீங்க?"

"ஆமா, ஒனக்குச் செஞ்சேன் பாரு!" முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஆணியில் தொங்கிய டியூப் கீற்றுகள் கண்ணில் பட்டன. என் கையை நெரித்த அதே ரப்பர். எடுத்துப் பிடியின் மேல் சுற்றினேன். அலகை ஒட்டி மட்டும் கை முன்னால் வழுக்காதபடி தடிப்பாக ஒரு மேடு வைத்தேன். ஒரு பலகையும் வாங்கினோம். கத்தி என் கைக்கு வந்துவிட்டது.

விரல் மரத்துப்போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உடனே டொக்டரிடம் போங்கள். பலசாலி என்று என்னைப் போல் பீற்றாதீர்கள். இப்போது நான் மெதுவாகத்தான் நறுக்குகிறேன். ரொட்டிக்கு அவசரப்படுகிறவர்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், மிளகாய் நறுக்கி முடித்து வெங்காயத்தை எடுத்தேன். கட்டைவிரலில் ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்தது. பிறகு சுருக்கென்றது.

"ஐயோ!"

செல்வராஜ் துணியோடு ஓடிவந்தார். "எங்க வெட்டிக்கிட்ட?"

"வெட்டலங்க. எரியுது. கட்டவெரல் எரியுதுங்க!" எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் பதறிப்போய்த் தண்ணீர்ச் செம்பை எடுத்தார். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"ஊத்தாதீங்க. கொஞ்ச நேரம் எரியட்டும்."