ஜெபம் முடிந்த பின்னும் எழுந்து போகாத அக்கா

அக்கா போய் வருஷம் ஒன்று திரும்பிவிட்டது. நினைவு ஆராதனைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியாகிய நான் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். தக்கலையில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். அதற்குமேல் படித்ததெல்லாம் கடைக்கு வருகிறவர்களின் வாயிலிருந்துதான். எழுத்தில் பேச்சு கலந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது மயிலாடியில். எங்கள் அப்பாவுக்குக் கல்பட்டறையில் வேலை. கல் தூசி நெஞ்சில் சேர்ந்து, வயதாகுமுன்னே இருமலோடு படுத்துவிட்டார். அக்கா அப்போதுதான் நர்சிங் முடித்திருந்தார். அப்பாவை மாற்றிப் படுக்க வைத்ததும், அம்மாவைச் சாப்பிட வைத்ததும், என்னை ஒரு கடையில் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவர்தான். பிறகு சிதறால் பக்கம் அத்தானைக் கட்டிக்கொண்டு போனார். அத்தான் மஸ்கட்டில் இருந்த வருஷங்களில் ஒரே மகளைத் தனியாக வளர்த்து, ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சாக வேலை பார்த்தார். அங்கேயே பின்னால் சாப்ளின் ஆனார். நோயாளிகளையும் அவர்கள் வீட்டாரையும் பார்த்து, ஆறுதல் சொல்லி, ஜெபிக்கிற வேலை அது.

ஆரம்பத்தில் எல்லாரையும் போலத்தான் அக்காவும் அதைச் செய்தார். நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டைச் சந்திக்கப் போனால், கிளம்பும்போது "ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போவோம்" என்போம். ஆமென் சொன்னால் அடுத்தது செருப்பைத் தேடுவதுதான். துக்கம் கனத்த வீடானால் ஜெபம் இன்னும் சீக்கிரம் வந்துவிடும். அதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று அக்காவுக்குக் காட்டியவர் லீலாபாய் அம்மா.

லீலாபாய் அம்மா முந்திரி ஆலையில் வேலை பார்த்தவர். கணவர் இல்லை. ஒரே மகன், இருபத்திரண்டு வயது. பக்கத்து வீட்டோடு வேலித் தகராறு இருந்தது. ஒரு சாயங்காலம் பேச்சு முற்றி, அந்த வீட்டுக்காரர் பையனை மண்வெட்டியால் அடித்துவிட்டார். அம்மா கண்முன்னால் நடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது பையனுக்கு உயிர் இல்லை. இரண்டு குடும்பமும் நம் சபைதான்.

அக்காவைக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, பத்து நிமிஷத்தில் "ஜெபிப்போமா?" என்று கேட்டிருக்கிறார். அதுவரை வாயே திறக்காத லீலாபாய் அம்மா நிமிர்ந்து பார்த்து, "என்ன சிஸ்டர், அதுக்குள்ள போகப் போறியளா?" என்று கேட்டிருக்கிறார்.

அக்கா போகவில்லை. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைக் கொடுக்கும்வரை சவக்கிடங்கு வராந்தாவில் அந்த அம்மாவோடு இருந்தார். இரண்டு நாள் கழித்துப் பெயர் சொல்லாமல் என்னிடம் இதைச் சொன்னார். "அவங்க கேட்டது சரிதான் லே. எனக்கு அங்க இருக்கத் தாங்கல்ல. அதான் கண்ணை மூடப் பாத்தேன். இத்தனை வருஷமா எத்தனை பேர்கிட்ட இப்படி ஜெபத்தைப் போட்டுட்டு ஓடியிருப்பேன்."

அதன்பிறகு பெங்களூருக்குப் போய், குற்றத்திலும் விபத்திலும் புயலிலும் அடிபட்டவர்களுக்குத் துணை நிற்பது எப்படி என்று மூன்று மாதம் படித்துவிட்டு வந்தார். வந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். இடம் என் கடை மாடி. சனிக்கிழமை மத்தியானம் போதகர்கள், உபதேசிமார், பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகள் எல்லாரும் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே உட்காருவார்கள். நடித்துக் காட்டித்தான் பாடம். அடிபட்டவன் பாகம் எப்போதும் எனக்கு. நான் கொஞ்சம் கூடுதலாகவே அழுவேன். "லேய், சீரியல் வேண்டாம்" என்பார் அக்கா.

ஒருநாள் நான் வீடு தீப்பிடித்தவன். என்னைப் பார்க்க வந்தவர் ஓர் இளம் போதகர். "எல்லாம் போச்சு பாஸ்டர். பிள்ளைக்க சர்ட்டிபிகேட்டு போச்சு. தொழுத்துல மாடு கட்டிக் கிடந்துது..." என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கண்ணை மூடி, "பரலோகப் பிதாவே" என்று தொடங்கிவிட்டார்.

"கண்ணைத் திறங்க பாஸ்டர்" என்றார் அக்கா. "அவன் இன்னும் தொழுத்துலதான் நிக்கான். மாடு என்னாச்சுன்னு கேட்டியளா?"

எல்லாரும் சிரித்தார்கள். போதகர் கண்ணைத் திறந்து, "மாடு என்னாச்சு அண்ணாச்சி?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் மாடு வளர்த்ததே இல்லை. ஆனாலும் அவர் அதைக் கேட்டதும், நான் நடிப்பதை மறந்து, கயிற்றை அவிழ்க்க முடியாமல் போனதைச் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

பெரிய புயலில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் இருந்த நாட்களில், மாடியில் படித்தவர்கள் கடற்கரை ஊர்களுக்குப் போனார்கள். ஒருவர் ஆத்ம இளைப்பாறுதலுக்கு ஜெபிக்க வேதாகமத்தைத் திறந்தபோது அக்கா தடுத்தார். "வரல்லன்னுதான் சொல்லியிருக்காவ. செத்துட்டாவன்னு அந்த வீட்டுல யாரும் சொல்லல்ல. நாம முந்தாண்டாம்." அன்று அவர்கள் செய்தது, போன்களைக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டுக் கொடுத்ததும், கலெக்டர் ஆபீஸ் வரிசையில் பெண்களோடு நின்றதும்தான்.

இதற்கிடையில் லீலாபாய் அம்மாவின் வழக்கு நாகர்கோவில் கோர்ட்டில் நடந்தது. நேரில் பார்த்த சாட்சி அவர் ஒருவர்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அக்கா கூடப் போனார். ஒருநாள் சபைச் செயலர் என் கடைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லும். ரெண்டும் நம்ம குடும்பம். அந்தம்மா மன்னிச்சிட்டேன்னு சொன்னா திருவிருந்துக்கு முன்ன ஒப்புரவாயிரலாம். அக்கா கேட்டா தட்டமாட்டாவ."

நான் அப்படியே அக்காவிடம் சொன்னேன். "மன்னிப்பு அவங்களுக்க கையில உள்ளது. அதைக் குடுன்னு நான் எப்பிடிக் கேக்க? எனக்க வேலை கோர்ட்டு வாசல்ல இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் திருவப் போய்விட்டார்.

அக்கா இன்னொன்றும் செய்திருந்தார். அடித்தவர் வீட்டில் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். யாரும் அவர்களோடு பேசுவதில்லை. அந்த இளம் போதகரின் பைக் அந்த வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு நான் கேட்டபோது, "நான்தான் அனுப்பினேன். அவளும் பிள்ளைகளும் யாரையும் அடிக்கல்லியே. நீ வெளிய சொல்லாத" என்றார்.

இனி எழுதுவது என் தப்பு. லீலாபாய் அம்மா சாட்சி சொல்லவேண்டிய நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அக்காவைப் பார்க்கக் கடைக்கு வந்தார். அக்கா வரத் தாமதமானது. சாயா வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தேன். அக்காவைப் பெருமையாகச் சொல்லப் போய், "எங்க அக்காவுக்கு எல்லாரும் ஒண்ணுதான். அந்த வீட்டுக்கும் ஆளனுப்பியிருக்காவ" என்று சொல்லிவிட்டேன். அவர் கிளாஸைக் கீழே வைத்தார். பாதி சாயா அப்படியே இருந்தது. மறுநாள் ஆள் மூலம் செய்தி வந்தது: சிஸ்டர் இனி வர வேண்டாம், நானும் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை.

அக்கா என்னைத் திட்டவில்லை. "ஒரு வீட்டுல உள்ளது அந்த வாசலைத் தாண்டப்படாதுன்னு மாடியில எத்தனை தடவை சொன்னேன். நீ அப்பம் அழுதுட்டு இருந்தியா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கப்புறம் நடந்ததை அக்கா ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை. லீலாபாய் அம்மா பின்னாளில் சொன்னது இது. அக்கா இரண்டு நாள் அவர் வீட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். கதவு திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஜன்னல் வழியாகக் கேள்வி வந்தது.

"ரெண்டு வீட்டுலயும் உக்காந்துக்கிட்டு என்ன சாதிக்கப் போறிய?"

"நான் உக்காந்தது இந்த வீட்டுல மட்டுந்தான். அங்க போறது வேற ஆளு. நீங்க சொன்ன ஒண்ணும் அங்க போகாது. அங்க சொல்லுறது எனக்கே வராது."

"நான் கோர்ட்டுக்கு வரல்லன்னா?"

"அது உங்களுக்க இஷ்டம். நான் அங்க இருப்பேன். வராட்டி சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்குப் போவேன்."

சாட்சி நாளன்று அக்கா ஒன்பது மணிக்கே கோர்ட்டு வராந்தா பெஞ்சில் இருந்தார். நானும் போயிருந்தேன், தூரத்தில் ஒரு தூணோரம். பதினோரு மணி தாண்டி லீலாபாய் அம்மா தனியாக நடந்து வந்தார். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து, கைப்பையை அக்காவின் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனார். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். அடித்தவருக்குத் தண்டனை என்று தீர்ப்பும் வந்தது.

அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. டயாலிசிஸ் நாட்களில்கூடச் சனிக்கிழமை மாடி ஏற முயன்றார். முடியாமல் போனபிறகு கட்டிலில் இருந்தபடி, "ஊர்க்கதை ஏதாவது சொல்லு லே, யாருக்க ரகசியமும் வேண்டாம்" என்பார். நான் கடையில் கேட்டதையெல்லாம் சொல்வேன். ஒரு விடியற்காலையில் அத்தானும் மகளும் பக்கத்தில் இருக்க அமைதியாகப் போனார்.

அக்காவைக் கவனித்த டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், வேலையை விட்டு வந்து கூட இருந்த மகளுக்கும், இராப்பகல் பார்க்காத அத்தானுக்கும், துக்க வீட்டுக்கு மூன்று நாளும் கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் நன்றி. இப்போது வகுப்பை நடத்துகிறவர் அந்த இளம் போதகர்தான். கூட்டம் கூடி என் மாடி போதாமல் ஆனபோது சபைக் கட்டிடத்தைத் திறந்துவிட்ட செயலருக்கும் நன்றி.

இதை எழுதுமுன் அடித்தவர் வீட்டாரிடம் கேட்டேன். பெயரில்லாமல் எழுதலாம் என்றார்கள். லீலாபாய் அம்மாவிடமும் போனேன். என் வாய் செய்த காரியத்துக்கு அன்றுதான் மன்னிப்புக் கேட்டேன்.

"உனக்க வாயை நான் அன்னைக்கே விட்டுட்டேன் மக்கா" என்றார். "பேரு போட்டே எழுது. வேலி, மண்வெட்டி எல்லாம் எழுது. ஆனா அந்த ஆளை நான் மன்னிச்சிட்டேன்னு மட்டும் எழுதிராத. சபைப் புஸ்தகம்னா எல்லாரும் அப்பிடித்தான் முடிப்பாவ. நான் மன்னிக்கல்ல. உங்க அக்கா கடைசி வரை அதை எங்கிட்ட ஒருக்கா கூடக் கேட்டதில்ல."

அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். லீலாபாய் அம்மாவுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.