அஞ்சு ஸ்டாரும் ஒரு கும்பிடும்

போன வருஷம் பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த சமயம் அது. ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு பேக்கரியின் மாடியில் நான் ட்யூஷன் சென்டர் நடத்துகிறேன். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை முப்பது பிள்ளைகள். எனக்குக் கோபமும் ஜாஸ்தி, வாயும் ஜாஸ்தி. ஆனாலும் நம்மை விட்டு எந்தப் பிள்ளை போய்விடும் என்று ஒரு திமிர் இருந்தது. அப்போதுதான் சேலத்திலிருந்து பெரிய சென்டர் ஒன்று இங்கே கிளை திறக்கப் போகிறது என்று பேச்சு கிளம்பியது. அன்றைக்கே வீட்டில் புலம்ப ஆரம்பித்தேன்.

என் வீட்டுக்காரர் இங்கே ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் இருக்கிறார். ரூமைக் காலி பண்ணுகிறவர்களிடம் சிரித்துப் பேசி, கையோடு ரிவ்யூ போட வைப்பதில் கெட்டிக்காரர்.

"உன் சென்டரை போன்ல தேடினா ஒரு ரிவ்யூகூட இல்ல. திருப்தியா இருக்கற பேரண்ட்ஸ்கிட்டக் கேட்டு வாங்கு. சும்மா 'சூப்பர்'னு போட்டா ஒருத்தரும் மதிக்கமாட்டாங்க. புள்ள வந்தப்ப எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்குதுன்னு விவரமா எழுதச் சொல்லு. எழுதுனவங்களுக்கு அன்னைக்கே பதில் போட்டுரோணும்" என்று எனக்கே பாடம் எடுத்தார்.

நானும் அப்படியே பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். வாட்ஸ்அப் இல்லாதவர்களிடம் நேரில் கேட்டேன். ஒரே வாரத்தில் பதினேழு ரிவ்யூ வந்தது. எல்லாமே அஞ்சு ஸ்டார்! எனக்குத் தலைகால் புரியவில்லை. "மிக்க நன்றி! உங்கள் பிள்ளை எங்கள் பெருமை" என்று ஒரு வரி எழுதி, பின்னால் ஒரு கும்பிடு பொம்மையும் வைத்து, அதையே எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டு போனேன். ஒரு பக்கம் குக்கர் விசில் அடிக்கும், இன்னொரு பக்கம் நான் நன்றி சொல்லிக்கொண்டிருப்பேன். வேலை மளமளவென்று முடிந்தது.

இந்த இடத்தில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஞ்சக்குட்டைப் பக்கமிருந்து வருகிறவள். அம்மா காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார், எழுதப் படிக்கத் தெரியாது. ஒன்பதாவது படிக்கும்போது இந்தப் பெண்ணை என்னிடம் கொண்டுவந்து விட்டார். முதல் நாளே எனக்குப் புரிந்துவிட்டது, அவளுக்கு எழுத்துக் கூட்டவே தெரியவில்லை. பக்கத்துப் பிள்ளை படிப்பதைக் காதில் வாங்கி, மனப்பாடம் பண்ணியே அத்தனை வருஷம் ஒப்பேற்றியிருக்கிறாள்! எப்பேர்ப்பட்ட மூளை பாருங்கள். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "யாருக்கும் தெரியக் கூடாதுங்க மிஸ்." சரி என்று கையடித்துக் கொடுத்தேன். சனிக்கிழமை காலையில் வேறு யாரும் வராத நேரத்துக்கு அவளை மட்டும் வரச் சொல்லி, அ, ஆவிலிருந்து ஆரம்பித்தோம். பத்தாவது அரைப் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் பாஸ் பண்ணிவிட்டாள்.

ரிவ்யூ எல்லாம் வந்த அடுத்த வாரம் அந்தப் பெண் திடீரென்று ட்யூஷனுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். நாலாவது நாள், அவள் வகுப்பிலேயே படிக்கிற இன்னொரு பெண் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். "மிஸ், எங்க கிளாஸ் குரூப்ல இது சுத்திட்டு இருக்குதுங்க" என்று போனை நீட்டினாள்.

என் சென்டருக்கு வந்த ரிவ்யூதான். யாரோ போட்டோ பிடித்துப் போட்டிருந்தார்கள். கலெக்டருக்கு மனு எழுதுகிற மாதிரி இருந்தது. "மஞ்சக்குட்டையிலிருந்து வரும் மேற்படி மாணவி ஒன்பதாம் வகுப்பு வரையிலும் அ எது, ஆ எது என்றுகூட அறியாத நிலையில் இருந்தாள் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று ஆரம்பித்து, பஸ்ஸில் போர்டு படிக்கத் தெரியாமல் ஒரு தடவை மலைக்குக் கீழே குப்பனூர் போய் இறங்கி அழுதது வரை அத்தனையும் இருந்தது. பெயர் மட்டும்தான் இல்லை. அந்த வகுப்பில் மஞ்சக்குட்டையிலிருந்து வருவது இவள் ஒருத்திதான். கீழே கொட்டை எழுத்தில் என் பதில். மிக்க நன்றி, உங்கள் பிள்ளை எங்கள் பெருமை. கும்பிடு.

உடனே அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை, சந்தோஷமாகப் பேசினார். "நான் சொல்லச் சொல்ல எஸ்டேட் ரைட்டரய்யா அவர் போன்லயே போட்டு உட்டாருங்க டீச்சர். நல்லா இருக்குதுங்களா?" பிறகு குரல் இறங்கியது. "பாப்பா நாலு நாளா ஸ்கூலுக்கே போகமாட்டேங்கறாளுங்க. கேட்டா வாயே தொறக்கறதில்ல. இனிமேல் போகவே மாட்டாளாமா. எங்கூடத்தான் பழம் பறிக்க வந்துட்டு இருக்கறா."

பப்ளிக் பரீட்சைக்கு இரண்டு மாசம்கூட இல்லை.

ரிவ்யூவை நானே அழித்துவிடலாம் என்று போனைக் குடைந்தேன். முடியாதாம். எழுதியவர் எடுத்தால்தான் உண்டாம். எல்லாம் உங்களால்தான் என்று வீட்டுக்காரரைப் பிடித்துக் கத்தினேன். அவர் நிதானமாக, "பதில் போடுன்னு சொன்னேன். படிக்காம போடுன்னு சொன்னனா?" என்றார். மஞ்சக்குட்டைக்கு ஜீப் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

மறுநாள் மத்தியானம் மஞ்சக்குட்டை ஜீப்பில் ஏறினேன். ஆட்களோடு காய்கறி மூட்டைகளும் ஏறியிருந்தன, நசுங்கிக்கொண்டு போனேன். எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிற அந்த ரைட்டர் பேரேட்டை மூடிவைத்துவிட்டு எழுந்து நின்று வரவேற்றார். அவர் எழுதியதைப் பாராட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார், பாவம். எடுக்க வேண்டும் என்றதும் முகம் சுண்டிப்போனது.

"ஏனுங்க டீச்சர், அதுல ஒரு தப்பு காட்டுங்க பாக்கலாம். நொம்ப நல்லா இருக்குதுன்னு எத்தன பேரு லைக் போட்டிருக்கறாங்க!"

விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, நம்ம புள்ளைங்களே அது" என்றார். ஆபீஸுக்குள் சிக்னல் கிடைக்காது என்று என்னைக் காபி காயப்போடும் களத்துக்குக் கூட்டிப் போனார். ஒரு மூலையில் போனைத் தூக்கிப் பிடித்து, என் கண் முன்னாலேயே அழித்தார். எனக்குப் பாதி மூச்சு வந்தது.

மீதி மூச்சு மேலே தோட்டத்தில் இருந்தது. அம்மாவும் பெண்ணும் பக்கத்துப் பக்கத்துச் செடியில் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். அவள் இடுப்பில் பை கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் செடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

"எடுத்தாச்சு கண்ணு. ரைட்டர் இப்பத்தான் எடுத்தாரு" என்றேன்.

அவள் கை பறித்துக்கொண்டே இருந்தது. செடிக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டாள்.

"எங்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாதுங்க மிஸ். நீங்க படிச்சுட்டுத்தான கும்பிடு போட்டீங்க?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. படித்தேன், யோசிக்காமல் பதில் போட்டுவிட்டேன், உன் நல்லதுக்குத்தான் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஏனென்றால் உண்மை அதைவிடக் கேவலமாக இருந்தது.

"நான் படிக்கவே இல்ல கண்ணு. அஞ்சு ஸ்டாரைப் பாத்தேன், போட்டுட்டேன்."

அவள் கை நின்றது. "ஒரு வரி கூடவா மிஸ்?"

"ஒரு வரிகூட."

செடியை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "நான் ஒரு எழுத்து உட்டாக்கூட முதல்லருந்து படின்னு உசிர எடுப்பீங்க!" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அழுகையும் கூடவே வந்தது. நானும் தோட்டம் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். அம்மாவுக்கு அப்போதுதான் விஷயமே புரிந்தது. "நல்லதுன்னு நெனச்சுத்தான சாமி சொன்னேன்" என்று அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள். "அன்னைக்கு ஸ்கூல்ல கூடப் படிக்கறவங்க அந்த ரிவ்யூவை எங்கிட்டக் குடுத்து, எங்க படி பாக்கலாம்னாங்க மிஸ். எங்கயும் நிக்காம கடைசி வரைக்கும் படிச்சேன். படிச்சு முடிச்சதுக்கு அப்பறந்தான் ஊட்டுக்கு வந்தேன்."

மேற்படி, பணிவுடன் என்றெல்லாம் எழுதிய அத்தனை பெரிய கடிதத்தை, தன்னைக் கேலி செய்ய நின்ற கூட்டத்துக்கு நடுவே, தன் மானம் போவதை எழுத்து எழுத்தாகத் தானே வாசித்திருக்கிறாள்!

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் பேக்கரி மாடிப்படியில் அவள் ஏறி வருவதைப் பார்த்ததும்தான் எனக்கு முழு மூச்சு வந்தது. கேலி இரண்டு வாரம் ஓடி, பரீட்சை நெருங்கியதும் தானாக அடங்கிவிட்டது. பாஸ் பண்ணி இப்போது ப்ளஸ் ஒன் படிக்கிறாள். சேலத்துக்காரர்கள் கிளையும் திறந்துவிட்டார்கள், அதற்காக என் சென்டர் ஒன்றும் மூடிவிடவில்லை.

இப்போது யாரிடமும் நான் ரிவ்யூ கேட்பதில்லை. ஒரு பிள்ளைக்கு முன்னால் என்ன தெரியாமல் இருந்தது என்பது அந்தப் பிள்ளை என்னை நம்பிக் கொடுத்தது, அதை எடுத்து என் கடைக்கு விளம்பரப் பலகையாக மாட்ட எனக்கு எந்த உரிமையும் கிடையாது என்று, நான் எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்த பெண்தான் எனக்குப் புரியவைத்தாள்.