வெள்ளிப் புள்ளி

வேலுத்தாய் ஈரப் பஞ்சால் பூச்சியை மறுபடியும் தொட்டாள். இறக்கை ஓரத்திலிருந்த வெள்ளிப் புள்ளி பஞ்சோடு வந்துவிட்டது. கண்ணாடித் தம்ளருக்குள் அந்துப்பூச்சி நகத்தளவில், வெறும் பழுப்பாக உட்கார்ந்திருந்தது.

“ஏம்மா, பூச்சிக்கு மேக்கப் போட்டு விட்டிருந்தியா?” மகள் பிரீத்திகா சிரித்தாள்.

வேலுத்தாய் தன் விரல்களைப் பார்த்தாள். நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் பதினாறு வருடமாகப் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிறாள். மருந்திலுள்ள அலுமினியத் தூள் எந்தச் சோப்புக்கும் முழுதாகப் போவதில்லை. ரேகைக்குள் நிற்கும்.

ஐந்து வருடமாக, வேலை விட்டு வரும் வழியில் காணும் அந்துப்பூச்சிகளைப் போனில் படமெடுத்து, விருதுநகர்க் கல்லூரி ஆசிரியர் இராமகிருஷ்ணனுக்கு அனுப்புகிறாள். அவர் மாவட்டத்துப் பூச்சிகளைப் பட்டியலிடுகிறார். அதில் நாற்பத்தோரு இனங்கள் அவள் பேரில். மற்ற நாற்பதை வேறு பலரும் பார்த்திருப்பார்கள். வெள்ளிப் புள்ளிக்காரனை அவள் மட்டும்தான், மூன்று முறை, ஆனைக்குட்டம் அணைப்பக்கம் பார்த்திருந்தாள்; மூன்றாவதுதான் இந்தத் தம்ளரில் இருப்பது. நாளைக் காலையில் பட்டியல் அச்சுக்குப் போகிறது.

போன் போட்டாள்.

“சார், அந்தப் புள்ளி எங்கையில இருந்த தூளு. இப்பத் துடைச்சேன், போயிருச்சு.”

“இருங்க, மூணு படத்தையும் பாக்குறேன்,” என்றார் அவர்.

“சரி, இந்த மூணாவதை நீக்கிருவோம். ரெண்டாவது படமும் வேண்டாம், அதுல ஒரு பக்கந்தான் புள்ளி. மொதப் படத்துல பூச்சி எருக்க இலையில உக்காந்திருக்கு, ரெண்டு பக்கமும் புள்ளி இருக்கு. அதைக் கையால தொட்டீகளா? தொடலைன்னா அது ஒண்ணே போதும், பதிவு நிக்கும்.”

‘தொடலைன்னு சொல்லு’ என்று பிரீத்திகா சத்தமில்லாமல் வாயசைத்தாள்.

முதல் படம் எடுத்தது மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலம். கேட்டால் சொல்ல வேறு யாரும் அங்கே இருக்கவில்லை.

“அம்மா, லைன்ல இருக்கீகளா?”

“இருக்கேன் சார்.”

“யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கும் அது போகக் கூடாதுன்னுதான் இருக்கு.”

பிரீத்திகா அவள் முழங்கையைக் கிள்ளினாள். வேலுத்தாய் கையை இழுத்துக்கொண்டாள்.

“தொட்டேன் சார். மண்ணுல கெடந்துச்சு. படம் தெளிவா விளணும்னு நாந்தான் ரெண்டு விரலால தூக்கி இலையில வச்சேன்.”

“அப்ப இதுவும் போச்சு, அம்புட்டுதானா?”

“அம்புட்டுதான்.”

மறுநாள் பட்டியல் அச்சுக்குப் போனது. அவள் பேரில் நாற்பது இனங்கள் இருந்தன. எட்டு மணிக்கு வேலைக்குப் போனாள். சாயங்காலம் அணைக்கரையில் இறங்கி, இரண்டு அந்துப்பூச்சிகளைத் தொடாமல் படமெடுத்து அனுப்பினாள். இரண்டும் எல்லா ஊரிலும் இருப்பவை என்று இராமகிருஷ்ணன் பதில் போட்டார். ஆறரை பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள்.