கறி சுட வெட்டிய மரம்

பெரியப்பா இறந்த வருடம் அப்பாவுக்கு விறகைப் பற்றித் திடீரென்று ஞானம் பிறந்தது.

எருமப்பட்டிக்குக் கிழக்கே எங்கள் காட்டையும் பெரியம்மாவின் காட்டையும் பிரித்தது ஒரு வெள்வேல மரம். எல்லைக்கல் எப்போதோ காணாமல் போயிருந்தது, மரம்தான் எல்லை. அதற்கு அப்பால், பெரியம்மா பக்கத்தில், கிணறு. பிள்ளையில்லாத அவளுக்கு அதை விட்டால் பிழைப்பு கிடையாது. எங்கள் பக்கம் தண்ணீரே கிடையாது.

ஊர் நிலக்கணக்கு பார்க்கும் மணியக்காரருக்கு விருந்து என்று அப்பா கிடாய் அறுத்தார். தொடைக்கறியைச் சுடுவது, மிச்சத்தைப் புகையில் வாட்டி உப்புக்கண்டம் போடுவது என்று ஏற்பாடு. எந்த விறகு என்பதுதான் கேள்வி. வேப்பங்கட்டையின் புகை கறியில் கசப்பேற்றுமாம். புளியங்கட்டை மேலே கருக்கி உள்ளே பச்சையாக விட்டுவிடுமாம். தென்னை மட்டையில் அனல் நிற்காதாம். மனுக்களைத் தள்ளுபடி செய்கிறவர்கள்கூட இவ்வளவு காரணம் எழுதுவதில்லை.

"ஏனுங்க நங்கையா, கறி சுட வெள்வேலந்தானுங்க. அந்த மரத்த வெட்டிக்கட்டுங்களா?" என்று தன் அண்ணியான பெரியம்மாவிடமே கேட்டார்.

"ஒரு கெடாய்க்கு ஒரு மரமா? வெட்டுங்க கொழுந்தனாரே. அடிய மட்டும் உட்டுருங்க, எல்லைக்கு ஆகோணும்."

அவள் எங்கள் வீட்டில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தபோது ஆட்கள் அடிக்கட்டையையும் தோண்டி எடுத்தார்கள். அதுதான் நின்று எரியும் என்றார் அப்பா. மாலைக்குள் அந்த இடத்தில் ஏர் ஓட்டியும் ஆயிற்று.

அன்று வெட்டிய பச்சை மரம் எப்படி எரியும்? புகைதான் வந்தது. மணியக்காரர் இருமினார். பெரியம்மா புளியங்கட்டையைக் கொண்டுவந்து போட்டு அனல் ஆக்கினாள். "பச்ச மரத்துல கறி சுட வந்தவரு ஊருக்குள்ள நீங்க ஒருத்தருதான்" என்று சிரித்தாள். கறி நன்றாகவே வெந்தது.

மறு வாரம் மணியக்காரர் எல்லை போட வந்தார். முறைப்படி வரைபடத்தைப் பார்த்து அளந்திருக்க வேண்டும். அவர் அப்பாவின் விரலைப் பார்த்து அளந்தார். புதுக் கல் கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றது.

"மரம் நின்ன எடத்துலிருந்து அளங்க சாமி" என்றாள் பெரியம்மா.

"எந்த மரமுங்க?" என்றார் அப்பா.

அவர் மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். உதவி செய்யும் ஆசையில் உழுத மண்ணுக்குள் ஓடி நின்றேன். "கறி சுட வெட்டுனமேங்கப்பா, இங்கதான் நின்னுச்சு!"

கன்னத்தில் அறை விழுந்தது. மணியக்காரர் வானத்தைப் பார்த்தார். பெரியம்மா ஒருத்திதான் என்னைத் தூக்கினாள்.

விறகு விஷயத்தில் ஏமாந்ததை விருந்தாளி எதிரில் சொல்லிக் காட்டியதற்காகத்தான் அப்பா அடித்தார் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.