பல்வலி பெஞ்ச்

பால்வினை நோய்ப் பரிசோதனைக்கு ஆலோசனை சொல்கிற வேலையில் பாதி நேரம், உள்ளே வரலாமா வேண்டாமா என்று வாசலில் தவிக்கிறவர்களைக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருப்பதுதான். அரசு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போன உங்களுக்கு இது புரியும். தெருவுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் முளைத்து, வீட்டுக்கு ஒருவர் வெளிநாடு போன காலம். எங்கள் அறைக்கும் பல் பிரிவுக்கும் சேர்த்து ஒரே பெஞ்ச். தெரிந்த முகம் வந்துவிட்டால் எங்கள் ஆட்கள் சட்டென்று கன்னத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

மலேசியா நண்பர்

பேரைச் சொல்ல மாட்டேன், அதுதான் எங்கள் வேலையின் முதல் விதி. கூத்தாநல்லூர் பக்கத்து ஆள். மலேசியாவில் ஹோட்டல் வேலை, தை மாதம் கல்யாணம். அங்கே ஒரு நண்பன் ஒரே ஒரு தடவை தப்புப் பண்ணிவிட்டான், ஒரு வருஷம் ஆகிறது, உடம்பில் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் கட்டிக்கப்போகிற பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தூக்கமில்லாமல் கிடக்கிறான் என்றார். ரத்தம் பார்த்தால்தான் தெரியும், யாரிடமும் சொல்ல மாட்டோம், நண்பரை வரச் சொல்லுங்கள் என்றேன். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"ஊசி ரொம்ப வலிக்குமான்னு அவன் கேப்பான் மேடம். எங்கிட்டயே சொல்லிடுங்க."

மாமனார் உபயம்

மறுநாள் வந்தார், கதவைத் தொட்டார், பின்வாங்கி பெஞ்சில் உட்கார்ந்தார். அடுத்த நாளும் அதே கதை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கையைப் பிடித்து இழுக்க முடியுமா? அதற்கும் மறுநாள், சம்பா நடவுக்கு நடுவே சர்க்கரை மாத்திரை வாங்க வந்த வருங்கால மாமனார் பார்த்துவிட்டார். நம் மலேசியாக்காரர் பதறிப்போய் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை இப்படித் துடிக்கிறாரே என்று மாமனார் வரிசையைத் தாண்டி பல் டாக்டரிடம் இழுத்துப் போனார். போதாத காலம், கடைவாயில் நிஜமாகவே ஒரு சொத்தைப் பல் இருந்திருக்கிறது! மாமனார் மருந்து வாங்கப் போன நேரத்தில், வாயில் பஞ்சோடு எங்கள் அறைக்கு வந்து சட்டைக் கையைச் சுருட்டினார். குழறிக்கொண்டே சொன்னார்:

"பல்லே போயிடுச்சு. இனிமே ரத்தம் போனா என்னங்க, எடுங்க."

கன்னத்தைப் பிடிக்காத பெண்

ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தபோது அழுதுவிட்டார். அந்தப் பெண்ணிடம் சொல்லலாமா என்று கேட்டார். அதை நீங்கள்தான் முடிவு பண்ண வேண்டும் என்று அனுப்பிவைத்தேன்.

நாலு நாள் கழித்து பெஞ்சில் ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முறை வந்ததும் நேரே உள்ளே வந்தாள். மாப்பிள்ளை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். இரண்டு நாள் இவள் முகம்கொடுத்துப் பேசவில்லையாம். அவளே சொன்னாள்:

"பல்லு பிடுங்கினதை எங்கப்பா ஊரெல்லாம் சொல்லிட்டாரு. இங்க வந்ததை அவரு எங்கிட்ட மட்டுந்தான் சொன்னாரு. கட்டிக்கிறேன். மொதல்ல எனக்கும் ரத்தம் எடுங்க, ரெண்டு பேருக்கும் சமமா இருக்கட்டும்."

கன்னத்தைப் பிடிக்காமல் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த பாவத்துக்கு, போகிறவர் வருகிறவர் எல்லாம் அவளிடம் மட்டும்தான் "உனக்கு என்னம்மா?" என்று கேட்டார்களாம்.