சரசக்காவின் மேல் கடைவாய்ப்பல்

வயித்தெரிச்சல் தாங்காம, ஊட்டுக்குக்கூடப் போகாம, பிரவுசிங் சென்டருக்கு வந்து இதைத் தட்டறேன்.

சிங்காநல்லூர் பஸ்ல பக்கத்து ஊட்டு சரசக்கா எனக்குப் பக்கத்துல உக்காந்து முறுக்குத் தின்னுட்டு வந்தாங்க. போன மாசம் கன்னம் வீங்கிக் கெடந்தவங்க.

"பல்லைப் புடுங்கியாச்சுங்களாக்கா?"ன்னு கேட்டேன்.

"இல்லீங் அம்மணி, ரூட் கேனல். மரத்துப்போற ஊசி போட்டு, பல்லுல ஓட்டை போட்டு, உள்ள சீப்புடிச்ச நரம்பை எடுத்துப்போட்டாங்க. வேர் வரைக்கும் சுத்தம் பண்ணி அடைச்சு, மேல தொப்பி மாட்டிட்டாங்க. பல்லு என்ற சொந்தப் பல்லேதான்."

போன வருஷம் எனக்கும் அதே மேல் கடைவாய்ப்பல்லுலதான் வலி. ரூட் கேனல் பண்ணிக் காப்பாத்தலாம்னு டாக்டர் சொன்னாரு. "அதுக்கு யாருங்க திரும்பத் திரும்ப அலையறது? புடுங்கிப்போடுங்க"ன்னது நான்தான்.

"உங்களுக்குப் புடுங்கோணும்னு தோணலீங்களா?"

"மேல்பல்லைப் புடுங்குனா கண்ணு தெரியாமப் போயிரும்னாங்க. அந்தப் பயத்துலதானுங்க ரூட் கேனலுக்கே ஒத்துக்கிட்டேன்."

அதெல்லாம் சும்மான்னு எனக்கு அப்பவே தெரியும். என் கண்ணுக்கு ஒண்ணும் ஆகலைங்க. அவங்க அதே பக்கம் வச்சு முறுக்கைக் கடிக்கறது, எறங்கற வரைக்கும் தெளிவாத் தெரிஞ்சுது.

என்னையாட்ட தைரியசாலிங்க வேற யாராச்சும் இருக்கீங்களா?